பட்ட காலோடு இன்பெர்னோவுக்கு

முதல் நாள்

அம்மாவுக்கு இந்தப் பனிச்சறுக்குப் போட்டிப் பயணத்தில் துளியும் விருப்பமில்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை, பையால் சொன்னார். பருத்தித்துறை வடை ஒரு டப்பா, எள்ளுப்பாகு ஒரு டப்பா, நோவெண்ணெய் ஒரு போத்தல், எல்லாவற்றுக்கும் மேலே சுவிஸில், பேர்ண் கோயிலில் வாங்கிய திருநீறு ஒரு சரை. ரயில் வெளிக்கிடுகிற நேரத்தில்தான் வாய் திறந்தார்.

"பட்ட காலிலதான் படும் எண்டு சும்மாவா சொன்னவை, பிள்ளை?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பனிச்சறுக்குப் பலகைகள் உள்ள என் ஸ்கீப் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, இடக்காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய இடது முழங்காலுக்குள் இருப்பது இப்போது உலோகமும் பிளாஸ்டிக்கும். என்னுடைய வலது முழங்காலுக்குள் இருப்பது என் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்த நார். மூன்று பேர் உள்ள வீட்டில் ஆறு முழங்காலில் நாலுதான் ஒறிஜினல்.

இன்டர்லாக்கனில் மாறி லவுட்டர்புருன்னன். பள்ளத்தாக்கின் சுவரிலிருந்து 297 மீற்றர் விழுகிற ஷ்டவ்பாக் அருவி பாதி உறைந்து, தலை வாராத கிழவியின் கூந்தல் மாதிரித் தொங்கியது. அங்கிருந்து கேபிள்காரில் குருட்ச்அல்ப், பிறகு மலை விளிம்பில் ஓடும் குட்டி ரயில். இடப்பக்க யன்னலில் ஐகர், மொன்ஷ், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாக வந்து நின்றன. மொன்ஷ் என்றால் துறவி, யுங்ஃபிராவ் என்றால் கன்னி. மலைகளுக்கு இந்தப் பெயர்களை வைத்தவர்கள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் இதைச் சொல்லி அப்பா சிரிப்பார்.

மியூரன் 1,600 மீற்றருக்கு மேலே ஒரு பாறைத் தட்டில் இருக்கும் ஊர். கார் கிடையாது. ஸ்டேஷனில் இறங்கினால் எல்லார் தோளிலும் ஸ்கீ, எல்லார் காலிலும் அந்தப் பிளாஸ்டிக் சப்பாத்து. ஊர் முழுக்க ரோபோக்கள் நடக்கிற சத்தம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இன்பெர்னோ என்பது சாதாரண ஆட்கள் ஓடக்கூடிய ஸ்கீப் போட்டி. பெயரின் பொருள் நரகம். 1928இல் 17 பேர் தாங்களாகவே ஷில்ட்ஹோர்ன் மலையில் ஏறி, அங்கிருந்து பள்ளத்தாக்குவரை சறுக்கி வந்ததில் தொடங்கியது. வென்றவருக்கு 1 மணி 12 நிமிடம் எடுத்தது. இப்போது 1,850 பேர் வரை, 12 வினாடிக்கு ஒருவராக இறங்குகிறார்கள். பனி போதுமான அளவு இருந்தால் 14.9 கிலோமீற்றர். வேகமான ஆட்கள் அதை 15 நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். இந்த முறை கீழ்க்காட்டில் புல் தெரிகிறதாம். அதனால் முடிவுக்கோடு மேலேயே, வின்டரெக்கில். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே எல்லாரோடும் சேர்ந்து "சீ, என்ன அநியாயம்" என்றேன்.

கால் கதை நாளைக்கு. இப்போது ஒன்று மட்டும். ஒவ்வொரு இரவும் நான் ஒரு சோதனை செய்ய வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால் சில்லின் உட்பக்கத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலே இரண்டு மூன்று தரம் வழிக்க வேண்டும். அப்புறம் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழே ஒருதரம். மூட்டுக்குள் தண்ணீர் இருந்தால், வழித்துவிட்ட உட்பக்கக் குழியில் ஒரு சின்ன அலை திரும்பி வரும். அலை இல்லையென்றால் பூச்சியம். கொஞ்சம் மினுங்கினால் சுவடு. தெளிவாகப் புடைத்தால் ஒன்று. வெளிப்பக்கத்தைத் தொடாமலே தானாக நிரம்பினால் இரண்டு. பூச்சியமும் சுவடும் என்றால் போகலாம், ஒன்று என்றால் ஒருநாள் ஓய்வு, இரண்டு என்றால் பெட்டியைக் கட்டு. என் பிசியோ போட்ட சட்டம் இது. சத்தியம் வாங்காத குறை.

இன்றிரவு: பூச்சியம். வடை மூன்று.

இரண்டாம் நாள்

காலையில் சப்பாத்துப் போடுவதற்கே பதினைந்து நிமிடம். ஸ்கீ சப்பாத்துப் போடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கடைசித் தள்ளலில் குதிக்காலை உள்ளே இறக்க முழங்காலை ஒரு திருகு திருகுவோம். அந்தத் திருகுதான் எனக்கு விலக்கு. அதனால் சப்பாத்தை இரவே ஹீற்றரில் சாய்த்து வைத்து, காலையில் கதிரை நுனியில் உட்கார்ந்து, நாக்குப் பகுதியை இரண்டு கையாலும் அகல விரித்து, காலை நேராக, ஒரு குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது மாதிரி இறக்கினேன். அறையைப் பகிர்ந்த பெண் பல் விளக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, "எத்தனை மாதம்?" என்றாள். "பதினொன்று." தன் காற்சட்டையை உயர்த்தினாள். இரண்டு முழங்காலிலும் தழும்பு. "இது ஆறு வருஷம், இது மூன்று." இந்த ஊரில் அறிமுகம் இப்படித்தான் நடக்கும் போல.

சரி, கதை. பதின்மூன்று மாதத்துக்கு முன், அந்தப் பனிக்காலத்தின் முதல் ஸ்கீ நாளில், கடைசி இறக்கத்தில். கேட்பவர்கள் எல்லாரும் பெரிய விழுகையாக எதிர்பார்ப்பார்கள். சைக்கிள் வேகம்கூட இல்லை. பின்னேரம், களைப்பு, ஈரப்பனி. பின்பக்கமாகச் சாய்ந்து உட்காரப் போனேன். அப்படியே விழுந்திருந்தால் பனி அப்பிய பின்பக்கத்தோடு கதை முடிந்திருக்கும். நான் எழும்பப் பார்த்தேன். இடுப்பு முழங்காலுக்குக் கீழே, பாரம் முழுக்க வலது ஸ்கீயின் பின்முனையில். ஸ்கீயின் பின்முனை அப்போது ஒரு நெம்புகோல். அது உள்ளே திரும்பியது, என் உடம்பு திரும்பவில்லை. உள்ளே "டொப்" என்று ஒரு சத்தம். வலிகூட உடனே வரவில்லை. சத்தம்தான் வந்தது.

டொக்டர் குறொய்ஸ்பாண்ட் என்றார். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் இரண்டு நார்களில் முன்னால் உள்ளது. சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங் ஏன் கழரவில்லை என்று கேட்டேன். அது கழருவது கணைக்கால் எலும்பைக் காப்பாற்ற, இந்த நாரைக் காப்பாற்ற அல்ல என்றார். பழைய காலத்தில் தோற்சப்பாத்தோடு கணுக்கால் முறிந்தது. சப்பாத்து விறைப்பாகி மேலே ஏற, அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்கு வந்துவிட்டது. ஸ்கீயில் பெண்களுக்கு இந்த நார் அறுவது ஆண்களைவிடக் கூடுதல் என்றும் சொன்னார், ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி.

வீக்கம் வற்றும்வரை பொறுத்து, பெப்ரவரியில் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாருக்கும் சுவாரசியமில்லாத வேலை. காலை நீட்டு, தொடையை இறுக்கு, பத்து வரை எண்ணு. வைத்த நார் முதல் சில மாதத்தில் உறுதியாவதற்கு முதல் இன்னும் பலவீனமாகும். உடம்பு அதைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிற காலம் அது. அந்தக் காலத்தில்தான் கால் நன்றாகிவிட்டது போல இருக்கும், அதுதான் அதன் சூது. ஒன்பது மாதத்துக்கு முன் போட்டி என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்றார்கள். பத்தாவது மாதத்தில் ஒற்றைக் காலில் துள்ளும் சோதனை. வலது கால் இடது காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். நான் 93. பரீட்சை மறுமொழி வந்த பிள்ளை மாதிரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "மிச்ச ஏழும் எங்க?" என்று கேட்டார்.

இன்று ஜெயன்ட் ஸ்லாலம், நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குவது. இன்பெர்னோவின் சேர்க்கைப் போட்டியில் மூன்று உண்டு. தட்டையான பாதையில் ஓடும் நெடுந்தூர ஸ்கீ, இது, கடைசியாகப் பேரிறக்கம். முதலாவதில் நான் சேரவில்லை.

சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று கம்புகள். ஒரு வளைவில் பாரம் முழுக்க வெளிக்காலில் இறங்கும். இடப்பக்கம் திரும்பினால் வலது கால் வெளிக்கால், வலப்பக்கம் திரும்பினால் இடது கால். முதல் மூன்று கம்பிலேயே தெரிந்துவிட்டது. வலப்பக்கம் திரும்பும்போது நான் புலி. இடப்பக்கம் திரும்பும்போது பூனை, அதுவும் நனைந்த பூனை. ஒவ்வொரு சிவப்பிலும் பாரத்தை முழுசாகக் கொடுக்காமல் அரை மனசோடு வளைந்து, வளைவு அகன்று, அடுத்த நீலத்துக்குப் பிந்தி, அதைப் பிடிக்க அவசரப்பட்டு. கடனை அடைக்கக் கடன் வாங்குவது மாதிரி. பாதையின் நடுவில் ஒரு சிவப்பில் பொறுமையிழந்து, "வாறது வரட்டும்" என்று வலது காலை முழுசாக மிதித்தேன். அது நின்றது. அப்படியே செதுக்கிக்கொண்டு போனது. பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு என் கால் என் சொல் கேட்ட முதல் இடம் அந்தக் கம்புதான். எத்தனையாவது என்று எண்ணவில்லை என்பதில் இப்போது கவலை.

முடிவுக்கோட்டில் நேரத்தைப் பார்த்தேன். என் வயதுப் பெண்களில் நடுவுக்குக் கீழே. பரவாயில்லை.

பின்னேரம் படியிறங்கும்போது காலுக்குள் ஒரு இறுக்கம். ஏற்கெனவே தெரிந்த இறுக்கம்தான். இரவு வழித்துப் பார்த்தேன். அலை வந்தது. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் வந்தது.

ஒன்று.

மூன்றாம் நாள்

ஓய்வு. ஊர் முழுக்க மேலே போய்விட்டது. நானும் ஐஸ் பையும் ஒரு யன்னலும்.

காலையில், மேலே ஸ்கீக்குப் போனேன் என்று வீட்டுக்குப் பொய் சொல்லாமல், "இண்டைக்குச் சும்மா இருக்கிறன்" என்று வட்ஸ்அப்பில் போட்டேன். அம்மா உடனே எடுத்தார். "தண்ணி கட்டிட்டுதோ?" எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. முப்பது வருஷமாக அப்பாவின் காலோடு குடித்தனம் நடத்தியவர்.

அப்பா 1986இல் வந்தவர். இந்த மலைகளுக்குக் கீழே ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் சமையல்காரராகி, முப்பது வருஷத்துக்கு மேல் ஓடு பதித்த தரையில் நின்றார். அந்த ஹோட்டலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஸ்கீக்காக வந்தவர்கள். அப்பா ஒருநாளும் ஸ்கீயில் ஏறவில்லை. நான் ஏறியது பள்ளிக்கூட ஸ்கீ முகாமில், ஒன்பது வயதில், இரவல் சப்பாத்தோடு. வாரம் முடிந்து வந்து, "அப்பா, நீங்கள் ஏன் ஸ்கீக்குப் போறேல்லை?" என்று கேட்டேன். "நான் அங்க வேலைக்கெல்லோ போறன்" என்றார். இரண்டு பேருக்கும் மலை ஒன்றுதான். அவருடைய முழங்கால் நின்று தேய்ந்தது, என்னுடையது விளையாடி அறுந்தது. அவருடையதற்கு யாரும் பத்தாம் மாதம் துள்ளிக் காட்டச் சொல்லவில்லை.

மத்தியானம் நொண்டாமல் நடக்க முடிகிறதா என்று பார்க்க ஊருக்குள் நடந்தேன். மியூரனில் ஆர்னல்ட் லன் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. 1922இல் இன்றைய முறை ஸ்லாலத்தை முதன்முதலாக இங்கேதான் கம்பு நட்டு நடத்தினார். 1931இல் முதல் ஆல்பைன் உலக சாம்பியன் போட்டியும் இங்கேதான். அவர் தொடக்கிய கண்டஹார் ஸ்கீக் கழகத்து ஆட்கள்தான் அந்த முதல் 17 பேர். இதெல்லாம் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தவை. ஒன்று, மனிதர் பிறந்தது 1888இல், சென்னையில். தகப்பன் அங்கே மெதடிஸ்ட் பாதிரியார். ஸ்லாலத்தைத் தந்தவர் பனியே விழாத ஊரில் பிறந்தவர். இரண்டு, 1909இல் வேல்ஸில் ஒரு பாறையிலிருந்து விழுந்து கால் நொறுங்கி, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவே ஆறியது. அந்தக் காலோடுதான் அவர் பிறகு ஸ்கீ ஓடினார், போட்டிகளை உண்டாக்கினார். ஒற்றைக்கால் துள்ளல் சோதனையில் அவருக்கு எத்தனை சதவீதம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து, செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். பட்ட காலோடு திரும்பி வந்த ஸ்கீ வீரர்களின் கதையைத் தேடி வாசித்தேன். இத்தாலி வீராங்கனை சோபியா கோஜா 2022 ஜனவரி 23இல் கொர்ட்டினாவில் விழுந்தார். முழங்கால் நார் பாதி கிழிந்து, காலெலும்பில் சின்ன முறிவு. 23 நாளில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறங்கி வெள்ளி. இதை வாசித்தால் எவருக்கும் நரம்பு முறுக்கேறும். ஆனால் அடுத்த கதையையும் வாசிக்க வேண்டும். அமெரிக்க வீராங்கனை லின்ட்சி வோன் 2013 பெப்ரவரியில் ஷிளாட்மிங்கில் விழுந்து இதே நாரை அறுத்தார். பத்து மாதம் ஆகுமுன் பயிற்சிக்குத் திரும்பி, நவம்பரில் அதே நாரைத் திரும்பவும் பாதி கிழித்து, கடைசியில் 2014 சோச்சி ஒலிம்பிக்கே போனது. முதல் கதையை மட்டும் ஆட்கள் எனக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவதை இதுவரை ஒருவரும் அனுப்பவில்லை.

வோனின் கதைக்கு ஒரு வால் உண்டு. 2019இல் ஓய்வு பெற்றவர், 2024இல் வலது முழங்காலின் ஒரு பகுதியைச் செயற்கையாக மாற்றிக்கொண்டு, 40 வயதில் திரும்பி வந்து, 2025 மார்ச்சில் உலகக் கிண்ணப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். இதை அப்பாவுக்கு அனுப்பினேன்.

"அவவுக்கும் எனக்கும் ஒரே சாமான் எண்டு சொல்லு. ஆனா எனக்கு முழுசா மாத்தினது."

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டிருக்க வேண்டும்.

இரவு: சுவடு. நோவெண்ணெய் பூசினேன். அறை முழுக்க மணக்கிறது. அறைத்தோழி யன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாலாம் நாள்

சுருக்கமாக. காலையில் பாதையில் ஒருதரம் மெல்ல இறங்கிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான், கனோனன்றோர். பீரங்கிக் குழல் என்று பொருள். இரண்டு பக்கமும் நெருக்கி வரும் ஒடுங்கிய செங்குத்து. இன்றைக்கே நடுவில் பனி சுரண்டப்பட்டு நீலமாக மினுங்குகிறது. நாளை எனக்கு முன் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இதைச் சுரண்டிவிட்டுப் போயிருப்பார்கள். என் இலக்கம் 1412. கணக்குப் போட்டால் முதல் ஆள் இறங்கி நாலே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டப் பிறகு.

பிறகு பைண்டிங்கோடு ஒரு மல்லுக்கட்டு. எந்த இழுவையில் கழர வேண்டும் என்பதற்கு ஒரு எண் உண்டு. உயரம், எடை, வயது, சப்பாத்தின் நீளம், ஓடுகிற விதம் எல்லாவற்றையும் வைத்துப் போடுவது. போட்டிக்காரர்கள் அதை ஏற்றி வைப்பார்கள், வேகத்தில் சும்மா குலுங்கியதற்கெல்லாம் கழரக் கூடாது என்று. எனக்கு இறக்கி வைக்க ஆசை. பட்டறைக்காரர் ஸ்கீயைத் தட்டிக்கொண்டே, "எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ஸ்கீ இல்லாமல் நிற்பதும் முழங்காலுக்கு நல்லதில்லை" என்றார். அட்டவணை சொல்கிற எண்ணிலேயே விட்டேன். ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. எண்பது போகாமல் இருப்பது என் பொறுப்பு.

இரவு ஊர்வலம். பித்தளை வாத்தியங்கள், முகமூடிகள், கடைசியில் ஒரு பெரிய பேயைக் கொளுத்துவார்கள். நெருப்பு ஏறும்போது பின்னால் மூன்று மலைகளும் ஒரு கணம் சிவந்து தெரிந்தன. எங்கள் பக்கத்தில் சூரனை வெட்டுவது, இங்கே பேயை எரிப்பது. கூட்டம் நெருக்கியதும் நான் காலுக்குப் பயந்து ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

இரவு: பூச்சியம். இரண்டு தரம் பார்த்தேன், நம்பிக்கையில்லாமல்.

ஐந்தாம் நாள்

இப்போது இரவு எட்டு மணி. கட்டிலில், காலுக்குக் கீழே இரண்டு தலையணை. நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஷில்ட்ஹோர்ன் உச்சி 2,970 மீற்றர். மேலே சுழலும் உணவகம். ஜேம்ஸ் பாண்ட் ஆட்கள் 1969 படம் ஒன்றுக்கு இங்கே வந்து போனதை ஊர் இன்னும் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் உள்ளே குவிந்து கிடந்தோம், கிரீஸ் மணமும் கோப்பி மணமும் ஈரச் சாக்ஸ் மணமும். காத்திருப்பது காலுக்குப் பகை. அரை மணிக்கு ஒருதரம் எழும்பி ஒரு மூலையில் இருபது அரை உட்காரல். ஒரு முதியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தானும் எழும்பி என்னோடு செய்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். காலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே, 2,790 மீற்றரில் ஆரம்பம். வரிசை மெல்ல நகர்ந்தது. பன்னிரண்டு வினாடி, பீப். பன்னிரண்டு வினாடி, பீப். முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். அம்மாவின் திருநீற்றை ஹெல்மெட்டுக்குள் பூச முடியாது. முழங்கால் பட்டிக்கு உள்ளே ஒரு சிட்டிகை போட்டேன். கடைசி எள்ளுப்பாகு உருண்டை குளிரில் கல்லாகியிருந்தது, கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டேன். அதனால் பெயரைக் கேட்டபோது தொடக்கக்காரருக்கு வாயடைத்த பதில்தான் கிடைத்தது.

பீப்.

முதல் சரிவு நான் பயந்த அளவு இல்லை. உடம்பு தானாகக் குனிந்தது, முட்டை வடிவத்தில் கைகள் முன்னால். காற்று ஹெல்மெட்டில் உறுமியது. வேகம் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை. பனியில் முன்னால் போனவர்கள் வெட்டிய பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் ஸ்கீ "தட தட" என்று பேசுகிறது. வெளிச்சம் தட்டையாகிவிட்டது. மேகம் வந்து நிழலைத் துடைத்துவிட்டால் பள்ளம் எது மேடு எது என்று கண்ணுக்குத் தெரியாது, பாதம்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கண் போன அந்த நேரத்தில் வலது கால் இடது காலைப் போலவே வேலை செய்துகொண்டிருந்தது. அதைக் கவனித்த உடனேயே தடுமாறினேன். கவனிக்கக் கூடாது போல.

பீரங்கிக் குழல். மேலே நின்று பார்க்கும் நேரம் இல்லை, விளிம்பு வந்துவிட்டது. நடுவில் ஐஸ், இரண்டு பக்கமும் சுரண்டிக் குவித்த பனி மேடுகள், அவற்றுக்கு இடையில் ஒருவர் தன் ஸ்கீயைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் எழும்பி நின்றேன். ஸ்கீயைக் குறுக்கே போட்டு, விளிம்பால் சுரண்டிக்கொண்டு, படிக்கட்டில் இறங்குகிற கிழவி மாதிரி இறங்கினேன். பின்னால், "லிங்க்ஸ்! லிங்க்ஸ்!" என்று ஒரு குரல். இடப்பக்கத்தால் ஒருவர் போனார், அடுத்தவர் போனார், அந்த எழுபது வயதுக்காரரும் போனார். போகும்போது கையைக்கூட உயர்த்தினார். பாவி.

போட்டியில் பிரேக் பிடிப்பது வெட்கமான காரியம். இதை நான் பதின்மூன்று மாதமாகத் திட்டமிட்டு வைத்திருந்தும், அந்த இடத்தில் வெட்கம் வந்தது. காது சுட்டது. தொடை நடுங்கியது பாரத்தாலா வெட்கத்தாலா தெரியாது. எப்படியோ, கீழே வந்தபோது இரண்டு காலும் என்னுடையதாகவே இருந்தன.

அடுத்தது ஏற்றம். ஆம், இறங்கும் போட்டியில் ஏற்றம். வேகத்தைக் கொண்டுவந்தவர்கள் பாதிவரை மிதந்துவிடுவார்கள். நான் வேகத்தைக் குழலிலேயே செலவழித்துவிட்டேன். கம்பை ஊன்றி ஊன்றி, ஸ்கீயை வி வடிவில் விரித்து உந்தி உந்தி. மூச்சு சீழ்க்கையடித்தது. ஆனால் இங்கே நான் நாலு பேரைப் பிடித்தேன். பதினொரு மாதம் பிசியோவில் ஏறிய படிகள் எல்லாம் இந்த இருநூறு அடிக்குத்தான் என்று தோன்றியது. எழுபது வயதுக்காரரையும் பிடித்தேன். கையை உயர்த்தினேன்.

பிறகுதான் அது நடந்தது. முடிவுக்குக் கொஞ்சம் முன், பெரிய இடம்கூட இல்லை. ஒரு சின்னத் தாழ்வு. தொடை இரண்டும் எரிந்து வெறுமையாகியிருந்தன. தாழ்வில் இறங்கி ஏறும்போது ஸ்கீ முன்னால் போனது, நான் பின்னால் தங்கினேன். இடுப்பு கீழே, பாரம் பின்முனையில், வலது கை பின்னால். அந்த டிசம்பர் பின்னேரம் அச்சொட்டாக.

எழும்பு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஒவ்வொரு தசையும். பிசியோ மாதக்கணக்காக மெத்தையில் என்னைத் தள்ளி விழுத்திச் சொன்னது ஒன்றுதான். விழப்போனால் விழு. கால்களை நீட்டாதே, கையைப் பின்னால் ஊன்றாதே, சறுக்கி நிற்கும்வரை எழும்பாதே. நான் விழுந்தேன். வேண்டுமென்றே, இடது இடுப்பில், கைகளை முன்னால் வைத்துக்கொண்டு, ஸ்கீ இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. பனி கழுத்துக்குள் போனது. சறுக்கினேன், சறுக்கினேன், வலை வரும்போது நின்றேன். உள்ளே சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் படுத்துக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன், வலையோரம் நின்ற ஒரு பொடியன் "சரியா? சரியா?" என்று இரண்டு தரம் கேட்கும்வரை.

ஸ்கீ இரண்டும் காலிலேயே இருந்தன. எழும்பி, தட்டிவிட்டு, மிச்சத்தை ஓடினேன். எழுபது வயதுக்காரர் எனக்கு முன்னால் கோட்டைத் தாண்டினார்.

போன முறையைவிட மூன்று நிமிடம் கூடுதல், பாதை இம்முறை கட்டையாக இருந்தும். கணக்கை அதற்கு மேல் தோண்டவில்லை.

அம்மாவுக்குப் போன் பண்ணி "முடிச்சிட்டன்" என்றேன். "விழுந்தனியோ?" "ஓம்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எந்தப் பக்கம்?" "இடது." "அப்பாவிட்டைக் குடுக்கிறன்."

இரவு: ஒன்று. அலை கொழுகொழுவென்று வருகிறது. ஒன்று என்றால் ஒருநாள் ஓய்வு, நாளைக்கு வேறு வேலையும் இல்லை.

ஆறாம் நாள்

குட்டி ரயில், கேபிள்கார், பெரிய ரயில். எல்லாரும் தூங்கினார்கள். எதிர்க் கதிரையில் ஒருவர் காலில் ஐஸ் கட்டியிருந்தார், என் காலைப் பார்த்துவிட்டு ஐஸ் பையில் பாதியைத் தரட்டுமா என்று சைகையால் கேட்டார். வடை மிச்சத்தைக் கொடுத்தேன். காரம் என்று எச்சரித்துத்தான் கொடுத்தேன்.

பேர்ணில் அப்பா மேடையிலேயே நின்றார். ஸ்கீப் பையை வாங்கப் பார்த்தார், நான் விடவில்லை. சப்பாத்துப் பையை எடுத்துக்கொண்டார். லிப்டுக்கு முன்னால் ஸ்கீக்காரர்களும் குழந்தை வண்டிகளுமாக ஒரு வரிசை. அப்பா அதைப் பார்த்தார், படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏறேக்க நல்ல கால் முதல். இறங்கேக்க?"

"நோகிற கால் முதல்."

நான் வலதுபக்கக் கைபிடியைப் பிடித்தேன், அவர் இடதுபக்கத்தை. நான் வலது காலை வைத்தேன், அவர் இடது காலை வைத்தார். பின்னால் வந்த பெடியள் இரண்டு பேர் பொறுமையாக நின்றார்கள்.

"ஒண்டு," என்றார் அப்பா. மொத்தம் எத்தனை படி என்று அவருக்குத் தெரியும்.